பழைய விடுதிகளும் நமது கடமையும்

ஒரு மரபினருடைய சரித்திரத்தை அறிய விழைவோர் பெரும்பாலும் செப்பேடுகளையும் கல்வெட்டுக்களையும் பட்டயங்களையும் தேடிச் செல்வர். அவை வேண்டற்பாலனவே. ஆயினும், நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் வெளியூர் சென்ற காலத்து எங்கே தங்கினர், எவர் கையால் உண்டனர், எவரோடு ஒரே பந்தியில் அமர்ந்தனர், எந்த வாயிலில் நிறுத்தப்பெற்றனர் என்னுஞ் செய்திகளை அவை நமக்குக் கூறமாட்டா. அவற்றைக் கூறுவன சத்திரத்துச் சுவர்களும் மாணவர் விடுதியின் கூடங்களுமே ஆகும்.

அத்தகைய கட்டடங்கள் நம் கண்முன்னே மறைந்து வருகின்றன. காஞ்சிமாநகரத்தில் கோயில்களைச் சூழ்ந்த வீதிகளிலும் அவற்றை அடுத்த தெருக்களிலும் பல மரபினரும் தத்தம் பொருளைக்கொண்டு சத்திரங்கள் எடுப்பித்தனர். அவற்றுட் சில கலியாண மண்டபங்களாயின, சில கடைத்தொகுதிகளாயின, சில ஓடு சரிந்து முற்றத்தில் அரசு முளைத்துக் கிடக்கின்றன. இவற்றால் வருவாய் இல்லை, இடித்துவிட்டுப் புதியது கட்டுவோம் என்பார் ஒருசாரார். இவை இழிவின் நினைவைத் தாங்கி நிற்பன, அந்நினைவு ஒழிவதே நன்று என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் ஆராய்ந்து, நம் சங்கத்தாரும் குடும்பத்தாரும் மேற்கொள்ளத்தக்க நெறி யாதென எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சியும் சோறிடும் அறமும்

வந்தாரை ஏற்றுச் சோறிடுவது காஞ்சிக்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில், மழை பொய்த்து வாடிய காஞ்சிக்கு மணிமேகலை வருகின்றாள். தன் கையிலிருந்த அமுதசுரபியைக்கொண்டு பசித்தோர் அனைவர்க்கும் உணவளிக்கின்றாள். குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், பல மொழி பேசுவோர் என எவரையும் பிரித்து நிறுத்தாமல் அவள் உணவிட்டாள் என்பதை அக்காப்பியம் கற்றோர் அறிவர். யான் இப்பகுதியை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுந்தோறும், அவருள் எவரேனும் ஒருவர், அவ்வளவு பேரும் ஒரே இடத்தில் அமர்ந்தா உண்டனர் என்று வினவாமல் இருப்பதில்லை. நம் ஊரிலே வளர்ந்த பிள்ளைக்கு அவ்வினா தோன்றுவது இயல்பே.

கல்வி நாடி வந்தோர்க்கும் காஞ்சி உறையுள் தந்தது. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்பான் வேதக்கல்வியை நிறைவு செய்யும் பொருட்டுக் காஞ்சியின் கடிகைக்கு வந்தான் என்பதைக் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு அறிவிக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் ஹியூன்சாங் இப்பகுதியில் பௌத்தப் பள்ளிகள் நூற்றுக்குமேல் இருந்தன என்று எழுதினார். ஆகவே, பிறவூரார் வந்து தங்கிக் கற்கும் விடுதி என்பது இந்நகரத்தில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கமாகும்.

ஆயினும், இதே நகரத்தில்தான் பந்தியும் பிரிந்து நின்றது. வைணவப் பெரியோர் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு ஒன்று உண்டு. இளமையில் இராமாநுசர் காஞ்சியில் மனையறம் நடத்திய நாளில், வரதராசப் பெருமாளுக்குத் திருவாலவட்டத் தொண்டு செய்துவந்த திருக்கச்சி நம்பிகளைத் தம் மனைக்கு அமுது செய்ய அழைத்தார். நம்பிகள் அந்தணரல்லர். இராமாநுசர் அவரை எதிர்கொள்ள ஒரு தெருவாற் சென்றாராக, நம்பிகள் வேறு தெருவால் வந்து, விரைந்து உண்டு, திரும்பினார். இராமாநுசர் மீண்டு வந்து பார்த்தபொழுது, அவர் மனைவியார் நம்பிகள் உண்ட இலையைக் கோலால் தள்ளி, இடத்தை மெழுகித் தூய்மை செய்து, நீராடிப் புதிதாகச் சமைத்திருந்தார். அது கண்ட இராமாநுசர் பெரிதும் வருந்தினார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவ்வருத்தம் நேர்ந்தது ஆயிரம் ஆண்டுக்கு முன்னர். மெழுகும் வழக்கமோ நம் பாட்டனார் காலம்வரை நின்றது.

பந்தி பிரிந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னை இராஜதானியில் வெளியூர் செல்பவன் முதலிற் சிந்திக்க வேண்டியது வண்டிச் சத்தத்தைப் பற்றியன்று. தன் சாதியானுக்கு அவ்வூரில் தங்குமிடம் உண்டோ என்பதைப் பற்றியே. சத்திரங்கள் பல, அவற்றை நிறுவினோரின் சாசனப்படி இன்னாருக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்தன. எல்லார்க்கும் பொதுவாய் இருந்தவற்றிலும் சமைக்கும் இடம் வேறு, உண்ணும் கூடம் வேறு, நீர் மொள்ளும் முறை வேறு. காப்பி ஹோட்டல்கள் பெருகிய பின்னர் அவற்றிலும் நடுவே தட்டி வைத்துப் பிராமணர்க்கு ஒரு புறமும் ஏனையோர்க்கு ஒரு புறமும் இடம் ஒதுக்கினர். ஆதி திராவிடர்க்கோ பல இடங்களில் வாயிலுக்குள்ளே வரவும் உரிமை இருந்ததில்லை. இரயில் நிலையத்து உணவுச்சாலைகளிலும் இப்பிரிவினை இருந்தது. பலர் முயற்சியின் பயனாக அஃது 1941ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. ஹோட்டற் பலகைகளில் எழுதப்பட்டிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கும் பொருட்டுப் பெரியார் ஈ. வெ. இராமசாமி திருவல்லிக்கேணியில் மறியல் நடத்தியது 1957ஆம் ஆண்டில். அதாவது நாடு விடுதலை பெற்றுப் பத்து ஆண்டு கழிந்த பின்னர்.

சட்டம் மெல்ல மெல்லவே வந்தது. சென்னைச் சட்டசபை 1938இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டத்தையும் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டத்தையும் இயற்றிற்று. 1950ஆம் ஆண்டு சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் பதினேழாம் விதி தீண்டாமையை ஒழித்தது. பதினைந்தாம் விதி உணவுச்சாலை, தங்கும் விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் சாதி காரணமாகத் தடுத்தலை விலக்கிற்று. 1955ஆம் ஆண்டுச் சட்டமோ தருமசாலைகளையும் சத்திரங்களையும் தனித்துச் சுட்டி, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவும் எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. ஒரு சொம்பையும் ஒரு தட்டையும் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது எனின், நாட்டின் நிலை எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பேட்டையும் விடுதியும்

இவ்வாறு மறுக்கப்பட்டோர் வாளாவிருந்தாரல்லர். தமக்கென இடம் அமைத்துக்கொண்டனர். இதற்குத் தலைசிறந்த சான்று தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர் நிறுவிய பேட்டைகளாம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வாணிகஞ் செய்த அவர்கள், தம் வண்டிகளும் காளைகளும் சரக்குகளும் இரவில் அச்சமின்றித் தங்கும்படி மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். பொருளுக்குத் தக்க சிறு தொகையை ‘மகமை’ என்ற பெயரால் தமக்குத் தாமே வரியாக விதித்து, அதனைக்கொண்டு பேட்டைகளையும் கோயில்களையும் பின்னர்ப் பள்ளிகளையும் நடத்தினர். 1889ஆம் ஆண்டில் விருதுநகரில் அவர்கள் நிறுவிய க்ஷத்திரிய வித்தியாசாலை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டது என்பது போற்றத்தக்கது. தமக்கு மூடிய கதவைக் கண்டவர்கள் தாம் கட்டிய கதவைப் பிறர்க்கு மூடாதிருந்தனர்.

நகரத்தில் கற்கவந்த மாணவர் நிலை இதனினும் கடிது. ஊரிலிருந்து சென்னைக்குச் சென்ற பிராமணரல்லாத மாணவர்க்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் உண்ணவும் உறங்கவும் இடம் கிடைத்தல் அரிதாயிருந்தது. இக்குறையைக் கண்டவர் திருவல்லிக்கேணியில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் சி. நடேச முதலியார் ஆவர். 1912ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை ஐக்கிய சங்கம், பின்னர்ச் சென்னைத் திராவிடர் சங்கம் எனப் பெயர் பெற்றது. அதன் காரியதரிசியாய் விளங்கிய அவர், 1916 நவம்பரில் நீதிக் கட்சி தோன்றுவதற்கு முன்னரே, திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற மாணவர் விடுதியை நிறுவினார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராய் விளங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியார் அவ்விடுதியில் தங்கிப் பயின்றவருள் ஒருவர் என்பர். விடுதி நெடுங்காலம் நிலைபெறவில்லை. ஆயினும் அதன் பயன் நிலைபெற்றது. 1937ஆம் ஆண்டில் மறைந்த நடேச முதலியாரின் பெயரைச் சென்னைத் தியாகராய நகரில் ஒரு பூங்கா இன்றும் தாங்கி நிற்கின்றது. பூங்காவில் உலாவுவோருள் எத்துணைப் பேர், அப்பெயருக்குப் பின்னே ஒரு சோற்றுக்கூடம் இருந்தது என்பதை அறிவர்?

அதே 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது. ஆரணியை அடுத்த சிற்றூரில் ஆதி திராவிடர் குடியிற் பிறந்து துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பெயரால் கல்விக்கழகமும் பள்ளியும் நிறுவினார். கோயில் வாயிலில் நின்ற நந்தனாரின் பெயரையே எடுத்து, வாயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் உண்டு உறங்கிக் கற்கும் இல்லத்துக்கு இட்டது எவ்வளவு பொருத்தம்! சுவாமிகள் 1959இல் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி பின்னர் அரசினரின் பொறுப்பில் வளர்ந்தது.

திருவல்லிக்கேணி இல்லத்தையும் சிதம்பரத்துப் பள்ளியையும் ஒருங்குவைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இரண்டும் மறுக்கப்பட்டோர்க்கு எழுந்தவை, இரண்டும் வேண்டப்பட்டவை. ஆயின், ஒன்று எழுந்த பின்னரும் மற்றொன்று தனியே எழவேண்டியிருந்தது. நடுப்படியில் நின்றோர் மேற்படியைப் பார்த்து நீதி கேட்டனர். கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டோர் தாமே தமக்கு வழி தேடினர்.

சேரன்மாதேவியும் காஞ்சியும்

விடுதிப் பந்தி ஒன்று நாட்டின் அரசியலையே மாற்றிய வரலாறு, சேரன்மாதேவிக் குருகுல வரலாறாகும். அதன் முடிவு நம் காஞ்சியில் நிகழ்ந்தமையால் நாம் அதனை அறிந்திருத்தல் கடமை.

தேசபக்தரும் பன்மொழிப் புலவருமாகிய வ. வே. சுப்பிரமணிய ஐயர் சிறையிலிருந்து மீண்ட பின்னர், 1922ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர்ச் சேரன்மாதேவிக்கு மாறிற்று. தாய்மொழியில் கல்வி, கைத்தொழிற் பயிற்சி, தேசபக்தி ஆகியவற்றை ஒருங்கே ஊட்டுதல் அதன் குறிக்கோள். பல மரபினரும் நன்கொடை அளித்தனர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரம் ரூபாய் அளித்தது. இவ்வளவு உயர்ந்த நோக்கத்தோடு தொடங்கிய இல்லத்தில், பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் பெற்றோர் விருப்பப்படி தனியே உணவு கொண்டனர். செய்தி வெளிவந்தது. டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகை வாயிலாகவும் பெரியார் ஈ. வெ. இராமசாமி மேடைகள் வாயிலாகவும் இதனைக் கண்டித்தனர். பொதுப்பணத்தால் நடக்கும் இல்லத்தில் பிறப்பால் பந்தி பிரிப்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அவர்கள் வினா.

ஐயர் தம்மளவில் சமபந்தியை வெறுத்தவரல்லர். பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கை மீறல் ஆகாதென்பது அவர் நிலை. 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காந்தியடிகளும் சமரசம் கூறினார்: அவ்விருவர் பழையபடியே இருக்கட்டும், இனி வருவோர்க்கு அவ்வாறு இடமளித்தல் வேண்டா என்பது அதன் சாரம். எதிர்ப்பாளர் அதனை ஏற்றிலர். ஏப்பிரலில் கூடிய மாகாணக் காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் ஏற்றத்தாழ்வு பாராட்டுதல் கூடாது என்று எஸ். இராமநாதன் கொணர்ந்த தீர்மானத்தைப் பெரும்பான்மையால் நிறைவேற்றிற்று. ஐயர் குருகுலத் தலைமையை விட்டு விலகினார். 1925 ஜூன் 3ஆம் நாள், பாபநாசத்து அருவியில் தவறி வீழ்ந்த தம் மகளைக் காக்க முயன்று அவரும் உயிர்நீத்தார். பகைவரும் கண்ணீர் விட்ட மரணம் அது.

பிணக்கு அதனோடு முடியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மகாநாடு காஞ்சிபுரத்தில் திரு. வி. கலியாணசுந்தர முதலியார் தலைமையில் கூடிற்று. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் குறித்துப் பெரியார் கொணர்ந்த தீர்மானங்களுக்குத் தலைவர் இடமளிக்கவில்லை. பெரியார் மகாநாட்டை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் தனி வழியிற் பெருகிற்று. அன்று நம் நகரத்தில் பதினாறு வயதுச் சிறுவராயிருந்த அண்ணாதுரை, பின்னர் அவ்வழியிலே வளர்ந்து 1967இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். அவர் வாழ்ந்த இல்லத்தை அரசினர் நினைவில்லமாகக் காத்து வருகின்றனர்; காஞ்சிக்கு வருவோர் கண்டு செல்கின்றனர். ஒரு நெசவாளர் குடியின் எளிய வீடு காக்கப்படுமாயின், அக்குடிகள் தங்கிய சத்திரமும் பயின்ற விடுதியும் காக்கப்படுதற்குத் தடை யாது?

இங்கு ஒன்றை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். சேரன்மாதேவியிற் பிரிந்து உண்டோர் இரண்டு சிறுவரே. இரண்டு இலைகளுக்காகவா இவ்வளவு கலகம் என்று அன்றும் சிலர் வினவினர். இலை இரண்டாயினும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர். தாம் ஏன் அங்கே அமரலாகாது என்பதற்கு ஆசிரியரிடத்தும் விடை இல்லை, பெற்றோரிடத்தும் விடை இல்லை. உண்ணும் இடத்தில் கற்ற பாடம் ஏட்டிற் கற்ற பாடத்தினும் ஆழமாகப் பதியும் என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் இருக்கும் யான் நன்கு அறிவேன்.

பிறர் எவ்வாறு காத்தனர்

நாம் மறக்க விழைவதைப் பிறர் எவ்வாறு போற்றினர் எனக் காண்போம்.

டாக்டர் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று, 1917ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானப் பணியை ஏற்கச் சென்றார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து, இருண்ட மாடியில் தனியே தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் பலர் கையில் தடியோடு வந்து அவரை வெளியேறும்படி மிரட்டினர். இந்து நண்பர் ஒருவரும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரும் இடமளிக்க இயலாதவராயினர். பொது உத்தியானத்து மரநிழலில் சிலபொழுது இருந்துவிட்டு, அவர் அன்றிரவே பம்பாய்க்கு வண்டியேறினார். பெரும்பட்டம் பெற்ற ஒருவர்க்கு ஓர் அறை கிடைக்கவில்லை. அவர் அமர்ந்திருந்த அவ்விடம் இன்று ‘சங்கல்ப பூமி’ என வழங்கப்பெறுகின்றது.

அவரே 1921, 1922ஆம் ஆண்டுகளில் இலண்டனில் பயின்றபோது, கிங் ஹென்றி சாலையில் பத்தாம் எண்ணுள்ள வீட்டில் தங்கினார். அவ்வீட்டை மகாராஷ்டிர அரசாங்கத்தார் 2015இல் விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கினர். குடியிருப்பு வீட்டைக் காட்சிசாலை ஆக்கலாகாது என உள்ளூர் நிர்வாகத்தார் தடுத்தனர். வழக்கு மேலே சென்று, 2020இல் அனுமதி கிடைத்தது. தங்கிய ஓர் வீட்டுக்காக ஓர் அரசு கடல் கடந்து வழக்காடியது என்பதை நினைவிற் கொள்க.

அமெரிக்காவிலும் நிலை இதுவே. அங்கே கறுப்பு நிறத்தவர்க்கு வெள்ளையர் விடுதிகளில் இடமில்லாதிருந்தது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர், அவர்கள் அஞ்சாது தங்கத்தக்க விடுதிகளையும் வீடுகளையும் தொகுத்து 1936 முதல் ஆண்டுதோறும் ஒரு வழித்துணைப் புத்தகம் வெளியிட்டார். 1964ஆம் ஆண்டுச் சட்டம் விடுதிப் பிரிவினையை ஒழித்த பின்னர் அப்புத்தகத்துக்குத் தேவை குறைந்து, அது நின்றுபோயிற்று. அதனோடு, அப்புத்தகத்தில் இடம்பெற்ற விடுதிகள் பலவும் வருவாய் குன்றி இடிந்தன. எல்லா விடுதிகளும் திறந்தவுடன், மறுக்கப்பட்டோர் கட்டிய விடுதிகளை மறுக்கப்பட்டோரே மறந்தனர். ஆயினும் சில காக்கப்பட்டன. மெம்பிஸ் நகரத்து லொரெய்ன் என்னும் விடுதியில்தான் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்பிரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடுதி 1991 முதல் உரிமைப்போர்க் காட்சிசாலையாய் விளங்குகின்றது. அவர் தங்கிய 306ஆம் எண் அறை அன்றிருந்தபடியே வைக்கப்பட்டுள்ளது. அங்கே செல்லும் பிள்ளைகள் துயரத்தையும் காண்கின்றனர். அத்துயரத்தின் நடுவே தமக்கென ஓர் இல்லம் அமைத்து நடத்தியவர்களின் ஆண்மையையும் காண்கின்றனர்.

நாம் எதிர்கொள்ள வேண்டிய வினா

இனி நம்மை நோக்குவோம். தறியே உயிராக வாழ்ந்த நம் மரபினர் பாவும் சேலையுமாய் ஊர் ஊராய்ச் சென்றனர். திருவிழாக் காலங்களிற் குடும்பத்தோடு யாத்திரை சென்றனர். பிள்ளைகளைப் படிப்புக்கு அனுப்பினர். எங்கும் இடமின்றி அலைந்ததனாலேயே நம்மவர் காசு திரட்டிச் சத்திரமும் விடுதியும் அமைத்தனர். கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தோரும் உண்டு. தாலிப்பொன்னை ஒழித்து ஏனைய நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மாரும் உண்டு. அவ்வரலாற்றை நாம் பெருமையோடு கூறுகிறோம், கூறவும் வேண்டும்.

ஆயின், நம்மவர் கட்டிய இல்லத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டோர் எவரும் இலரோ? நமக்கு மேலே இருந்தோர் நம்மைத் தட்டிக்கு அப்பால் உட்காரவைத்தனர் என்று வருந்தும் நாம், நமக்காகத் தறிக்குழி தோண்டியவனையும், முற்றத்தைப் பெருக்கியவளையும் எங்கே உட்காரவைத்தோம்? புழைக்கடையில் தனியே நின்ற தொட்டியும், பின்வாயிலும், கூடத்தின் நடுவே எழுப்பிய அரைச்சுவரும் இவ்வினாவுக்கு விடை கூறும். இது நம் மரபினர்க்கே உரிய குற்றமன்று. நடுப்படியில் நின்ற மரபினர் அனைவர்க்கும் பொதுவாய குற்றம். பொதுவாயினமையால் அது குற்றமாகாது போய்விடாது.

இதனாலேதான் பழைய கட்டடங்களை இடித்தல் தகாது என்கிறேன். இடித்துவிட்டால் நாம் பட்ட இழிவுக்கும் சான்றில்லை. நாம் இழைத்த இழிவுக்கும் சான்றில்லை. பிறகு ஏட்டில் நமக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொள்ளலாம். கல்லும் சுண்ணாம்பும் அவ்வாறு முகமன் பேசா. காஞ்சிப் பட்டிலே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு நெய்தாலன்றிச் சேலை ஆகாது. நம் பெருமையும் நம் பிழையும் அவ்வாறே ஒரே கட்டடத்திற் கோக்கப்பட்டுள்ளன. ஒன்றை உருவினால் மற்றொன்றும் நிற்காது.

செய்யத்தக்கன

சங்கத்தார் கருத்துக்குச் சிலவற்றை வைக்கின்றேன்.

முதலாவது, பதிவு. நம்மவர் எடுப்பித்த சத்திரம், விடுதி, மடம் ஆகியவற்றின் சாசனங்களையும் வரவுசெலவுக் கணக்குகளையும் விருந்தினர் பதிவேடுகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும். பழங்கணக்கில் அரிசிக்கும் பருப்புக்கும் எழுதிய வரிகளே, எத்தனை இலை, எத்தனை பந்தி என்பதைக் கூறும். அத்துடன், அங்குத் தங்கிய முதியோரையும், சமைத்தோரையும், வாயிலில் நின்று திரும்பியோரையும் கண்டு அவர்தம் வாய்மொழியை எழுதிக்கொள்ளுதல் வேண்டும். வயது எண்பதைக் கடந்தோர் நாள்தோறும் குறைந்து வருகின்றனர். இப்பணிக்குக் காலங்கடத்தல் கூடாது.

இரண்டாவது, பழுதுபார்த்தல். சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழஞ்சுவருக்குச் சிமெண்டு பூசுவோர் நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்கின்றனர். சிமெண்டு ஈரத்தை வெளிவிடாது; சுவருக்குள்ளே ஈரம் தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து. கட்டை குத்திய மச்சிலே ஒரு விட்டம் உளுத்தால் அவ்விட்டத்தை மட்டும் மாற்றலாம். மச்சு முழுவதையும் பெயர்த்துக் கான்கிரீட்டு இடுதல் வேண்டா. தமிழக அரசினர் 2012ஆம் ஆண்டில் மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றியுள்ளனர். தகுதியுள்ள கட்டடங்களுக்கு அச்சட்டத்தின் துணையை நாடலாம்.

மூன்றாவது, பலகை. வாயிலில் நிறுவினோர் பெயரை மட்டும் பொறித்தல் போதாது. ‘இன்ன ஆண்டில், பிறவிடங்களில் இடம் மறுக்கப்பட்ட நம்மவர் இதனைக் கட்டினர்; இன்ன ஆண்டுவரை இன்னார்க்கு இங்கே இடம் மறுக்கப்பட்டது’ என்று இரண்டையும் ஒரே கல்லிற் பொறித்தல் வேண்டும். நடுச்சுவரை இடிக்க நேர்ந்தால், அது நின்ற தடத்தையாவது தரையிற் காட்டுதல் வேண்டும்.

நான்காவதும் தலையாயதுமாவது, கதவு. காத்த கட்டடம் பூட்டிக் கிடத்தலாகாது. அதனை நூல்நிலையமாகவோ, ஏழை மாணவர் தங்கும் இல்லமாகவோ நடத்துக. அங்கே சேரும் பிள்ளையின் தேவையை வினவுக, சாதியை வினவற்க. தமிழக அரசினர் 2025ஆம் ஆண்டில் தம் மாணவர் விடுதிகளின் பெயரிலிருந்த சாதிப் பிரிவை நீக்கி, ‘சமூகநீதி விடுதிகள்’ என ஒரே பெயர் இட்டனர். அரசினர் செய்ததைச் சங்கத்தார் செய்தல் ஆகாதோ?

சிலர் கூறக்கூடும்: நம் முன்னோர் நம்மவர்க்கென எழுதிவைத்த தருமத்தைப் பிறர்க்குத் திறத்தல் அவர் கருத்துக்கு மாறன்றோ என்று. முன்னோர் கருத்து யாது? இடமின்றி அலைபவனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே. அன்று இடமின்றி அலைந்தவன் நம்மவன். ஆகவே அவன் பெயரை எழுதினர். இன்று இடமின்றி அலைபவன் எவனோ, அவனே அச்சாசனத்துக்கு உரியவன். எழுத்தைப் பற்றிக்கொண்டு கருத்தைக் கைவிடுதல் அறிவுடையோர் செயலன்று.

விருந்து வந்தாரைப் புறத்தே நிறுத்தித் தான் உண்டவன் வீடு எவ்வளவு உயர்ந்ததாயினும் அது வீடாகாது என்பது தமிழர் கொள்கை. நம் முன்னோர் எழுப்பிய சுவர்களைக் காப்போம். அச்சுவர்களுக்குள்ளே அவர்கள் எழுப்பிய குறுக்குச்சுவரின் வரலாற்றையும் மறையாது கூறுவோம். அங்கே இனி விரிக்கப்படும் இலைகள் யாவும் ஒரே வரிசையில் அமைவதாகுக. சங்கத்தாரும் இளைஞரும் தாய்மாரும் இதனை ஆய்ந்து, அடுத்து வரும் மகாசபைக் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வருவாராக.